பந்தயக் கணிப்புப் போட்டியில் நுழைவுக் கட்டணம்: எப்போது கட்டலாம், ஜெயித்தவரை எவ்வளவு நம்பலாம்

விளையாட்டுப் பந்தயக் கணிப்புப் போட்டி என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்காக முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு சீசன் முழுக்க எந்த அணி ஜெயிக்கும், எவ்வளவு வித்தியாசத்தில் ஜெயிக்கும் என்று எல்லோரும் வாராவாரம் கணிப்பு அனுப்புவார்கள். கடைசியில் அதிகப் புள்ளி எடுத்தவருக்குப் பரிசு. சில போட்டிகள் இலவசம், சிலவற்றில் உள்ளே போகவே 1,000 டாலர் கட்ட வேண்டும். இதில் இறங்கப் போகிறவர்கள் எல்லோருக்கும் இரண்டு சந்தேகம் வருகிறது. எவ்வளவு கட்டணம் வரை கட்டலாம் என்பது ஒன்று. இந்தப் போட்டியில் ஜெயித்தேன் என்று சொல்லிக்கொண்டு டிப்ஸ் (எதில் பந்தயம் கட்டலாம் என்ற கணிப்பு ஆலோசனை) விற்க வருகிற ஆளை நம்பலாமா என்பது இன்னொன்று. இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம், ஏனென்றால் கட்டணம் எவ்வளவு, அதை யார் எத்தனை தடவை கட்டினார்கள் என்பது தெரியாமல் ஜெயித்தவரின் கணக்கைப் படிக்கவே முடியாது.

ஒரு விஷயத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன். பெரிய கட்டணம் கட்டி விளையாடினார் என்பதால் ஒருவருக்கு விஷயம் தெரியும் என்று ஆகிவிடாது. கட்டணம் காட்டுவது அவருக்கு இருக்கிற அக்கறையை மட்டும்தான். அக்கறையும் முக்கியம்தான், அது எதற்கு உதவுகிறது என்று கீழே சொல்கிறேன், ஆனால் அதைத் திறமை என்று எடுத்துக்கொண்டு பணத்தைக் கொடுப்பவர்கள்தான் இந்த உலகத்தில் அதிகம் ஏமாறுகிறார்கள்.

கட்டின பணம் எங்கே போகிறது

கட்டணம் எவ்வளவு என்று பார்ப்பதற்கு முன்னால், அதில் எவ்வளவு பரிசாகத் திரும்பி வருகிறது என்று பாருங்கள். 200 பேர் ஆளுக்கு 100 டாலர் கட்டினால் 20,000 சேரும். பரிசாக 20,000-மும் கொடுத்தால் நடத்துகிறவர் எதையும் எடுக்கவில்லை என்று அர்த்தம். 18,000 கொடுத்தால் பத்து சதவீதம் அவருக்குப் போகிறது. 15,000 மட்டும் கொடுத்தால் கால்வாசிப் பணம் போய்விட்டது, அந்தப் போட்டியில் நீங்கள் மற்றவர்களைவிட நன்றாகவே கணித்தாலும் நீண்ட காலத்தில் மிஞ்சுவது கஷ்டம். நிறைய போட்டிகள் முதல் பரிசை மட்டும் கொட்டை எழுத்தில் போடும், மொத்தம் எவ்வளவு சேர்ந்தது என்று எங்கேயும் சொல்லாது. அப்படி இருந்தால் என்ட்ரி, அதாவது கட்டணம் கட்டிச் சேர்ந்த பதிவுகளின் எண்ணிக்கையைக் கேட்டு நீங்களே பெருக்கிப் பாருங்கள். எண்ணிக்கையையே சொல்ல மாட்டேன் என்றால் அங்கேயே விட்டுவிடலாம்.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. சில போட்டிகளில் எத்தனை பேர் வந்தாலும் இவ்வளவு பரிசு நிச்சயம் என்று முன்கூட்டியே அறிவித்துவிடுவார்கள். மேலே சொன்ன அதே 200 பேர் போட்டியில் 25,000 நிச்சயம் என்று அறிவித்திருந்தால், சேர்ந்த 20,000 போக மிச்சம் 5,000-த்தை நடத்துகிறவர் தன் கையிலிருந்து போட வேண்டும். விளையாடுகிறவருக்கு இதைவிட நல்ல நிலைமை கிடையாது, கட்டிய ஒவ்வொரு 100-க்கும் பரிசுத் தொகையில் 125 இருக்கிறது. அனுபவசாலிகள் கடைசி நாள் வரை காத்திருந்து எத்தனை பேர் சேர்ந்திருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு இப்படிப்பட்ட போட்டியில் நுழைவார்கள். ஆனால் அந்த 5,000-த்தைக் கொடுக்கக்கூடிய ஆளா அவர் என்பது வேறு கேள்வி. பெரிய சூதாட்ட விடுதி அறிவித்தால் ஒரு மாதிரி, பெயர் தெரியாத யாரோ அறிவித்தால் வேறு மாதிரி.

இந்த விஷயத்தில் லாஸ் வேகாஸ் போட்டிகளைக் கவனித்தால் நிறையப் புரியும். அங்கே வெஸ்ட்கேட் விடுதி நடத்தும் சூப்பர்கான்டெஸ்ட் ரொம்பப் பழையது, அந்த இடம் லாஸ் வேகாஸ் ஹில்டனாக இருந்த காலத்திலிருந்தே நடக்கிறது. அமெரிக்கக் கால்பந்தில் வாரத்துக்கு ஐந்து ஆட்டங்களை ஸ்ப்ரெட் வைத்துக் கணிக்க வேண்டும், அதாவது யார் ஜெயிப்பார்கள் என்று மட்டும் பார்க்காமல், போட்டி குறித்துக் கொடுக்கும் புள்ளி வித்தியாசத்தைத் தாண்டி ஜெயிப்பார்களா என்று சொல்ல வேண்டும். கட்டணம் ரொம்ப காலம் 1,500 டாலராக இருந்தது, 2018-ல் 3,123 என்ட்ரி வந்தன. 2019-ல் சர்க்கா என்ற இன்னொரு பந்தய நிறுவனம் வந்து 1,000 டாலர் கட்டணத்தில், நடத்துகிறவர் பங்கு எதுவும் எடுக்காமல், முழுப் பணத்தையும் பரிசாகக் கொடுக்கும் போட்டியை ஆரம்பித்தார்கள். அப்புறம் சூப்பர்கான்டெஸ்ட்டும் கட்டணத்தை 1,000-க்கு இறக்கியது. நடத்துகிறவர் எடுக்கும் இந்தப் பங்கை விளையாடுகிறவர்கள் கவனிக்க ஆரம்பித்தால் நடத்துகிறவர்கள் இறங்கி வருவார்கள் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

கட்டணமும் பந்தயப் பணமும் ஒன்றாகக் கலந்திருக்கும் போட்டிகளும் உண்டு, அங்கே குழம்பக் கூடாது. குதிரைப் பந்தயத்தில் பிரீடர்ஸ் கப் பெட்டிங் சேலஞ்ச் என்ற போட்டிக்கு 10,000 டாலர் வேண்டும் என்று கேட்டதும் மலைப்பாக இருக்கும். ஆனால் அதில் 2,500 மட்டும்தான் கட்டணம், மீதி 7,500 நீங்கள் அங்கே உண்மையான பந்தயம் கட்டுவதற்கான பணம், அதில் ஜெயித்தது உங்களுக்கே. அதே துறையில் நேஷனல் ஹார்ஸ்பிளேயர்ஸ் சாம்பியன்ஷிப் என்ற இன்னொரு பெரிய போட்டியில் பந்தயங்கள் எல்லாம் கற்பனைக் கணக்கு, ஒவ்வொரு பந்தயத்துக்கும் 2 டாலர் என்று வைத்துப் புள்ளி போடுவார்கள். நம்பகத்தன்மை என்று பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. கற்பனைப் பந்தயத்தில் ஒருவர் ஜெயிக்க வாய்ப்பு குறைந்த குதிரைமேல் துணிந்து கட்டுவார், சொந்த 7,500-ஐ வைத்துக்கொண்டு அப்படிச் செய்யக் கை நடுங்கும்.

இன்னொரு கணக்கும் சொல்கிறேன், இதை யாரும் போட்டுப் பார்ப்பதில்லை. சாதாரணமாகப் புக்கியிடம் (பந்தயப் பணம் வாங்குகிறவரிடம்) ஸ்ப்ரெட் பந்தயம் கட்டும்போது 100 ஜெயிக்க 110 வைக்க வேண்டும். பூவா தலையா போடுகிற மாதிரி கணித்தால் சராசரியாக ஒவ்வொரு பந்தயத்திலும் 5 டாலர் போகும். சீசனுக்கு 90 பந்தயம் என்றால் 450. அதே 90 கணிப்பை 1,000 டாலர் கட்டணப் போட்டியில் செய்து நடத்துகிறவர் பத்து சதவீதம் எடுத்தால், அவருக்குப் போவது 100 மட்டும்தான். ஆக, பங்கு என்று பார்த்தால் போட்டி மலிவு. ஆனால் போட்டியில் பத்தில் ஒருவருக்கு மட்டும் பரிசு என்றால் மீதி ஒன்பது பேர் 1,000-த்தையும் முழுசாக இழக்கிறார்கள். சராசரி மலிவாக இருக்கிறது என்பதை நம்பித் தாங்க முடியாத பணத்தைக் கட்டிவிடாதீர்கள்.

இலவசப் போட்டியில் என்ன குறை

இலவசம் என்றாலே குப்பை என்று ஒதுக்குகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. நல்ல கணிப்பாளர்கள் பலர் இலவசப் போட்டியில்தான் ஆரம்பிக்கிறார்கள், கற்றுக்கொள்ள அதைவிட நல்ல இடமும் இல்லை. ஆனால் அதன் முடிவை நம்புவதில் மூன்று சிக்கல் இருக்கிறது. ஒரே ஆள் ஐந்து மின்னஞ்சல் முகவரியில் ஐந்து பெயரில் வரலாம், தடுப்பதற்கு வழியில்லை. இரண்டாவது, தோற்றுக்கொண்டிருப்பவர் நான்காவது வாரத்தில் காணாமல் போய்விடுவார், இழக்க ஒன்றுமில்லையே. அதனால் கடைசிப் பட்டியலில் நிற்பவர்கள் முக்கால்வாசி ஆரம்பத்தில் அதிர்ஷ்டம் அடித்தவர்கள், பட்டியலைப் பார்த்தால் எல்லோரும் கெட்டிக்காரர்கள் மாதிரித் தெரியும். மூன்றாவதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது: கணிப்புக்குப் பின்னால் யோசனை இருப்பதில்லை. பணம் போகாது என்றால் காயம் பட்ட ஆட்டக்காரர் ஆடுகிறாரா இல்லையா என்றுகூடப் பார்க்காமல் அனுப்புவார்கள்.

கட்டணம் இந்த மூன்றையும் ஓரளவு சரி செய்கிறது, அதற்கு அது பெரிதாக இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. போனால் கொஞ்சம் உறுத்தும் என்ற அளவுக்கு இருந்தால் போதும். அதற்கு மேல் ஏற்ற ஏற்ற நம்பகத்தன்மை கூடிக்கொண்டே போவதில்லை, பணக்காரர்களின் கூட்டம்தான் கூடும்.

சரி, ஒருவர் இலவசப் போட்டியில் எடுத்த கணக்கைக் காட்டினால் என்ன செய்வது? தொடர்ந்து பல சீசன், ஒரே பெயரில், ஒரு வாரம்கூட விடாமல் அனுப்பியிருந்தால் நான் அதற்கு மரியாதை கொடுப்பேன். 1,500 டாலர் கட்டி ஒரே ஒரு சீசன் ஜெயித்தவரைவிட அவரை அதிகமாக நம்புவேன். ஏன் என்று அடுத்துச் சொல்கிறேன்.

ஜெயித்தவரின் கணக்கைப் படிப்பது

நிதானமாகப் படிக்க வேண்டிய பகுதி இது.

சீசனுக்கு 85 கணிப்பு என்று வைத்துக்கொள்வோம், வாரம் ஐந்து, பதினேழு வாரம். ஒவ்வொன்றும் சரியாகப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஒன்றுமே தெரியாமல் நாணயத்தைச் சுண்டிக் கணிப்பவர் சராசரியாக 42 அல்லது 43 சரியாகச் சொல்வார். 51 சரியாகச் சொன்னால் அது 60 சதவீதம், கேட்பதற்குப் பிரமாதமாக இருக்கும். ஆனால் நாணயம் சுண்டுகிற 1,000 பேரை வைத்து இந்தப் போட்டியை நடத்தினால் அதில் சுமார் 40 பேர் 51-ஓ அதற்கு மேலோ எடுப்பார்கள். 3,000 பேரை வைத்து நடத்தினால் முதலிடத்தில் இருப்பவர் ஏறக்குறைய 58 எடுத்திருப்பார், அதாவது 68 சதவீதம். ஒரு ஆட்டத்தைக்கூடப் பார்க்காதவர் 68 சதவீதம் எடுத்து மேடையேறலாம்! பெரிய போட்டிகளில் முதல் பரிசு வாங்குகிறவர்களின் கணக்கும் இந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. அவர்கள் எல்லோரும் அதிர்ஷ்டக்காரர்கள் என்று நான் சொல்லவில்லை. அந்த ஒரு எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு அவர் திறமைசாலியா அதிர்ஷ்டசாலியா என்று பிரித்துச் சொல்ல வழியே இல்லை என்கிறேன்.

110 வைத்து 100 ஜெயிக்கும் பந்தயத்தில் கைக்காசு போகாமல் இருக்க 52.38 சதவீதம் சரியாகச் சொன்னால் போதும். நீண்ட காலத்துக்கு 55 சதவீதம் பிடிப்பவர் ரொம்ப நல்ல கணிப்பாளர். இந்த 55-ஐ 85 கணிப்பில் அடையாளம் காண முடியாது. 500 கணிப்பு இருந்தால், நாணயம் சுண்டுகிறவர்களில் 100-க்கு ஒருவரோ இருவரோதான் 55 சதவீதம் தொடுவார்கள். 1,000 கணிப்பு இருந்தால் அது 1,000-க்கு ஒருவர் என்ற அளவுக்குக் குறைந்துவிடும். அதனால் யாராவது சதவீதத்தைச் சொன்னால் உடனே எத்தனை கணிப்பு என்று கேளுங்கள். 500-க்குக் கீழே என்றால் சுவாரசியமான விஷயம் என்று கேட்டுக்கொள்ளலாம், பணத்தைக் கொடுக்க அது காரணமாகாது.

அப்புறம் கேட்க வேண்டியது, எத்தனை என்ட்ரி. பெரும்பாலான கட்டணப் போட்டிகளில் ஒருவரே பல என்ட்ரி போடலாம், இவ்வளவுதான் என்று ஒரு வரம்பு மட்டும் இருக்கும். பத்து என்ட்ரியில் பத்து விதமாக, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் கணித்தால், ஒன்றும் தெரியாதவருக்கும் அதில் குறைந்தது ஒன்றாவது 60 சதவீதம் தொட மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு இருக்கிறது. சீசன் முடிந்ததும் அந்த ஒன்றை மட்டும் காட்டி, மற்ற ஒன்பதைப் பற்றி மூச்சுவிட மாட்டார்கள். இதில் பெரிய கட்டணம் நமக்கு எதிராகவே வேலை செய்கிறது, ஏனென்றால் பத்துத் தடவை 1,000 டாலர் கட்டக்கூடியவருக்கு இந்த வாய்ப்பு கிடைக்கிறது, ஒரு தடவை கட்டியவருக்கு இல்லை. லாஸ் வேகாஸ் போட்டிகளில் என்ட்ரிகள் புனைபெயரில் இருக்கும், அதனால் நன்றாகப் போன புனைபெயரைப் பிறகு என்னுடையதுதான் என்று சொல்லிக்கொள்வதும் எளிது. சீசன் ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே இன்ன புனைபெயர்கள் எல்லாம் என்னுடையவை என்று பொதுவில் சொன்னவரை மட்டும் கணக்கில் எடுங்கள்.

கூட்டாகக் காசு போட்டு விளையாடுகிறவர்களும் நிறைய. நான்கு பேர் சேர்ந்து போட்ட என்ட்ரி ஜெயித்தால் நான்கு பேரும் தனித்தனியாக நான்தான் ஜெயித்தேன் என்று சொல்வார்கள், யாரும் பொய் சொல்லவில்லை, ஆனால் கணித்தது யார் என்று தெரியாது.

ஸ்ப்ரெட் இல்லாமல், ஆட்ஸ் (1 டாலர் வைத்து ஜெயித்தால் எவ்வளவு திரும்பி வரும் என்ற எண்) வைத்து நடக்கும் போட்டி என்றால் வெற்றி சதவீதத்தைத் தூக்கி ஓரமாக வைத்துவிடுங்கள். 1.20 ஆட்ஸ் உள்ள பலமான அணிகளையே எப்போதும் தேர்ந்தெடுத்து 100-க்கு 80 சரியாகச் சொல்கிறவர், ஒவ்வொன்றுக்கும் 1 டாலர் வைத்திருந்தால் 100 போட்டு 96 எடுத்திருப்பார். 80 சதவீதம் சரி, ஆனாலும் நஷ்டம். இங்கே கேட்க வேண்டியது எவ்வளவு வைத்தால் எவ்வளவு வந்தது என்பது மட்டும்தான். அதேபோல ஒரே ஒரு பெரிய ஆட்ஸ் வெற்றி மொத்தக் கணக்கையும் தூக்கிப் பிடிக்கிறதா என்றும் பாருங்கள், அதை நீக்கிவிட்டு மீதியைக் கூட்டினால் தெரிந்துவிடும். மேலே சொன்ன குதிரைப் பந்தய சாம்பியன்ஷிப்பில் ஒரு குதிரைக்கு முதலிடத்துக்கு 20-க்கு 1 (1 வைத்தால் 20 லாபம்) என்பதற்கு மேல் கணக்கில் எடுக்க மாட்டார்கள், ஒற்றை அதிர்ஷ்டத்தில் ஒருவர் மேலே போய்விடக் கூடாது என்று.

எந்த லைனில் கணித்தார்

இதைப் பலரும் கவனிக்காமல் விடுகிறார்கள். சூப்பர்கான்டெஸ்ட் மாதிரிப் போட்டியில் வாரத்தின் நடுவில் ஒரு லைனை, அதாவது ஸ்ப்ரெட்டில் தாண்ட வேண்டிய அந்தப் புள்ளி வித்தியாசத்தை அறிவிப்பார்கள், அதன் பிறகு அது மாறாது, ஆனால் கணிப்பு அனுப்ப சனிக்கிழமை வரை நேரம் உண்டு. இந்த இடைவெளியில் வெளியே சந்தையில் லைன் நகர்ந்துகொண்டே இருக்கும். முக்கியமான ஆட்டக்காரர் ஒருவர் காயம் என்று வெள்ளிக்கிழமை செய்தி வந்தால் வெளியே 3 புள்ளியாக இருந்தது 6 ஆகிவிடும், போட்டியில் மட்டும் பழைய 3-லேயே நிற்கும். எல்லோரும் அதைப் பிடித்துக்கொள்வார்கள். இது தவறில்லை, விதிக்குள் நடப்பது, நீங்கள் விளையாடினாலும் இதைத்தான் செய்ய வேண்டும். ஆனால் இப்படி எடுத்த 58 சதவீதம், வெளியே கிடைக்கும் லைனில் பந்தயம் கட்டினால் வராது. அந்த ஆள் விற்கும் டிப்ஸை வாங்கி நீங்கள் கட்டப் போவது வெளியே இருக்கும் லைனில்.

நம்பத்தகுந்த கணிப்பாளர் யார் என்று கண்டுபிடிக்க எனக்குத் தெரிந்த நல்ல வழி, அவர் கணிப்பைச் சொன்னபோது இருந்த லைனையும் ஆட்டம் ஆரம்பிக்கும்போது இருந்த கடைசி லைனையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. அவர் சொன்ன பிறகு லைன் திரும்பத் திரும்ப அவர் பக்கம் நகர்ந்திருந்தால் அவருக்கு ஏதோ தெரிகிறது என்று அர்த்தம். ஜெயித்தது தோற்றதை வைத்து முடிவுக்கு வர ஆகும் காலத்தைவிட இதில் சீக்கிரமாகவே தெரிந்துவிடும்.

சீசன் கடைசி வாரங்களின் கணிப்புகளைத் தனியாகப் பாருங்கள். பரிசு மேலே இருக்கும் சிலருக்கு மட்டும் என்பதால், பின்தங்கியவர்கள் கடைசியில் மற்றவர்கள் எடுக்காத பக்கத்தை வேண்டுமென்றே எடுப்பார்கள், எல்லோரோடும் சேர்ந்து ஜெயித்து ஒரு பயனும் இல்லையே. முன்னணியில் இருப்பவர் பின்னால் வருகிறவர் எடுத்ததையே எடுத்து இடைவெளியைக் காப்பாற்றுவார். இரண்டுமே போட்டிக்குச் சரியான உத்தி, ஆனால் அந்த ஆட்டத்தைப் பற்றி அவர் உண்மையில் என்ன நினைத்தார் என்று அதில் தெரியாது. ஒரு அணியை ஒருமுறை மட்டும் தேர்ந்தெடுக்கலாம், தோற்றால் வெளியே என்கிற சர்வைவர் வகைப் போட்டியில் இது இன்னும் அதிகம். அங்கே கடைசி வரை நின்றவர் திட்டமிடுவதில் கெட்டிக்காரராக இருக்கலாம், ஸ்ப்ரெட் பந்தயத்தில் அவர் சொல்வதைக் கேட்க அது காரணமாகாது.

நடத்துகிறவர் எப்படிப்பட்டவர்

கட்டணம் கட்டுவதற்கு முன் விதிகளை முழுக்கப் படியுங்கள். விதி ஒரு பத்திக்குள் முடிந்துவிட்டால் அதுவே எச்சரிக்கை. ஆட்டம் ரத்தானால் என்ன, சமநிலை என்றால் அரைப் புள்ளியா பூஜ்யமா, இருவர் ஒரே புள்ளியில் முடித்தால் பரிசு எப்படிப் பிரியும், கணிப்பு அனுப்ப மறந்தால் என்ன, லைனை யார் எங்கிருந்து எடுக்கிறார்கள், இதெல்லாம் முன்கூட்டியே எழுதியிருக்க வேண்டும். சண்டை வருவது எப்போதும் எழுதாமல் விட்ட இடத்தில்தான்.

பணம் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். லாஸ் வேகாஸ் இருக்கும் நெவாடா மாதிரி இடங்களில் இப்படிப்பட்ட போட்டிகள் மாநிலச் சூதாட்டக் கட்டுப்பாட்டு வாரியத்தின் கண்காணிப்பில் நடக்கின்றன. அங்கே புகார் கொடுக்க ஓர் இடமாவது இருக்கிறது. தனிநபர் நடத்தும் போட்டியில் எல்லோருடைய பணமும் அவருடைய சொந்தக் கணக்கில் அவருடைய வீட்டுச் செலவோடு கலந்து கிடந்தால் சீசன் முடியும்போது என்ன ஆகும் என்று சொல்ல முடியாது. கெட்ட எண்ணமே இல்லாதவர்கூட இடையில் கைமாற்றாக எடுத்துவிட்டு மாட்டிக்கொள்வார். எல்லோருக்கும் தெரிந்த மூன்றாவது ஆள் ஒருவரிடம் பணம் இருப்பது நல்லது.

எல்லோருடைய கணிப்பும் நேரம் முடிந்தவுடன், ஆட்டம் ஆரம்பிப்பதற்கு முன், அனைவருக்கும் தெரிகிற மாதிரி வெளியிடப்படுகிறதா? இதை மட்டும் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். ஆட்டம் முடிந்த பிறகு கணிப்பு வெளிவருகிற போட்டியில் எந்த முடிவையும் நம்ப முடியாது, கட்டணம் 10 டாலரோ 10,000 டாலரோ. அதேசமயம் நேரம் முடிவதற்கு முன்னால் அந்தத் தகவல் யாருக்குத் தெரியும் என்பதும் முக்கியம். 2015-ல் அமெரிக்காவில், ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுத்து விளையாடும் போட்டிகளை நடத்தும் டிராஃப்ட்கிங்ஸ் நிறுவனத்தின் ஊழியர் ஒருவர், எந்த ஆட்டக்காரரை எத்தனை பேர் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள் என்ற தகவலை நேரத்துக்கு முன்னால் தவறுதலாக வெளியிட்டார். அதே வாரம் அவர் எதிர் நிறுவனமான ஃபேன்டூயலில் 350,000 டாலர் ஜெயித்திருந்தார். தன் தேர்வைப் பூட்டிய பிறகுதான் அந்தத் தகவல் அவர் கைக்கு வந்தது என்று நிறுவனம் ஏற்பாடு செய்த விசாரணை சொன்னது. ஆனாலும் பெரிய சர்ச்சையாகி, இரண்டு நிறுவனங்களும் தங்கள் ஊழியர்கள் இப்படிப் பணம் கட்டி விளையாடவே கூடாது என்று தடை போட்டன. நீங்கள் சேரும் போட்டியில் நடத்துகிறவரோ கணிப்புகளை வாங்கி வைப்பவரோ தானும் விளையாடுகிறாரா என்று கேளுங்கள். விளையாடினால் அவருடைய கணிப்பு எல்லோருக்கும் முன்னால் பொதுவில் வர வேண்டும்.

நீங்களே நடத்துவதாக இருந்தால்

நண்பர்களுக்குள்ளேயே நடத்தலாம் என்று இறங்குகிறவர்கள் முதலில் சட்டத்தைப் பாருங்கள், பல இடங்களில் பணம் வைத்துக் கணிப்பதே குற்றம், நண்பர்களுக்குள் என்றாலும்கூட. அனுமதி இல்லாத இடத்தில் கட்டணமில்லாமல் நடத்துங்கள், நம்பகத்தன்மையைக் கொண்டுவர வேறு வழிகள் இருக்கின்றன: ஒரு ஆளுக்கு ஒரு என்ட்ரி, உண்மைப் பெயர், ஒரு வாரம் விட்டாலும் ஐந்து தோல்வி என்று கணக்கு, எல்லாக் கணிப்பும் நேரத்தோடு பதிவு, விலகியவர்களின் பெயரும் கடைசிப் பட்டியலில் இருக்கும். இந்த ஐந்தையும் செய்தால் பல கட்டணப் போட்டிகளைவிட உங்கள் இலவசப் போட்டியின் முடிவுக்கு மதிப்பு அதிகம்.

கட்டணம் வைக்க முடிகிற இடம் என்றால், கூட்டத்திலேயே வருமானம் குறைந்தவருக்கு எவ்வளவு போனால் உறுத்தும், ஆனால் வலிக்காது என்று பார்த்து அதை வையுங்கள். பரிசு முழுவதையும் முதலிடத்துக்கே கொடுக்காதீர்கள், பாதி சீசனில் முக்கால்வாசிப் பேர் ஆர்வம் இழந்துவிடுவார்கள். சர்க்காவில் சீசனை நான்கு பகுதியாகப் பிரித்து ஒவ்வொரு பகுதிக்கும் தனிப் பரிசு கொடுக்கிறார்கள், அதனால் முதல் மாதம் சொதப்பியவரும் ஆடிக்கொண்டே இருக்கிறார். சின்னப் போட்டிக்கும் இது நன்றாகப் பொருந்தும்.

எவ்வளவு கட்டலாம்

வருஷத்துக்கு இந்த விளையாட்டுக்காக இழந்தாலும் பரவாயில்லை என்று ஒரு தொகையை எழுதி வையுங்கள். வாடகை, கடன் தவணை, பிள்ளைகளின் படிப்பு எல்லாம் போன பிறகு மிஞ்சுவதில் ஒரு பகுதி. கட்டணம் அதற்குள் அடங்க வேண்டும், எல்லா என்ட்ரியையும் சேர்த்து. வேறு ஊரிலிருந்து லாஸ் வேகாஸ் போட்டியில் சேருகிறவர்கள் நேரில் போய்ப் பதிவு செய்ய வேண்டும், வாராவாரம் கணிப்பைச் சமர்ப்பிக்க அங்கே ஒரு ப்ராக்ஸி ஆளுக்கும் பணம் கொடுக்க வேண்டும். பயணச் செலவும் அந்த ஆளுக்குக் கொடுப்பதும்கூட கட்டணம்தான், சேர்த்துக் கூட்டுங்கள். கடன் வாங்கிக் கட்டணம் கட்ட நினைத்தால், போன வருஷம் போனதை இந்த வருஷம் எடுத்துவிடலாம் என்று தோன்றினால், வீட்டில் தொகையைக் குறைத்துச் சொல்ல வேண்டியிருந்தால், அந்த சீசனில் சேராதீர்கள், நெருக்கமான ஒருவரிடமோ மனநல ஆலோசகரிடமோ பேசுங்கள். இதைச் சம்பிரதாயத்துக்காகச் சொல்லவில்லை, நன்றாகக் கணிக்கிறவர்களும் இதில் விழுந்திருக்கிறார்கள்.

முதல் வருஷம் இலவசப் போட்டி ஒன்றில் ஒரே பெயரில் சேர்ந்து, ஒவ்வொரு கணிப்பின் லைனையும் ஆட்டம் ஆரம்பிக்கும்போது இருந்த லைனையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டே வாருங்கள் என்பதுதான் என் யோசனை. இரண்டாவது வருஷம் சின்னக் கட்டணம். பெரிய போட்டியைப் பற்றி அந்தத் தாளைப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். யாராவது போட்டி வெற்றியைக் காட்டி மாதச் சந்தா கேட்டால் அவரிடமும் இதே தாளைக் கேளுங்கள்: எல்லா என்ட்ரியும், எல்லாக் கணிப்பும், சொன்ன தேதியும் லைனும், ஜெயித்த சீசன் மட்டுமில்லாமல் அதற்கு முந்தைய சீசன்களும். உண்மையான ஆள் உடனே அனுப்பிவிடுவார், அவருக்கே அது தேவை என்பதால் ஏற்கெனவே வைத்திருப்பார். கோப்பையோடு எடுத்த படத்தை மட்டும் அனுப்பினால் சந்தா கட்டாதீர்கள்.